வின்னிபெக்கில் நான் அடித்த கோல்

நான் பொய் சொல்வதில்லை. நடந்ததை நடந்த அளவிலேயே சொன்னால் கேட்கிறவர்களுக்கு மரியாதையாக இராது என்று கொஞ்சம் சீர்வரிசை சேர்த்து அனுப்புவேன், அவ்வளவுதான். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவன் வெறுங்கையோடா அனுப்புவான்? இதைப் புளுகு என்று சொல்கிறவர்கள் கோவில்பட்டியில் மூன்று பேர். என் கெட்ட நேரம், எனக்கு வேண்டியதைக் கொடுக்கிற அதிகாரமும் அந்த மூவரிடமே இருந்தது.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் சீனியர் அணியோடு ஹாக்கி ஆட்டம். எங்கள் அணியின் முன்வரிசையில் லெஃப்ட்-இன் ஆடும் காளிராஜுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி இடம் காலியாகக் கிடந்தது. பள்ளிக்கூட நாளில் அது என் இடம். இருபது வருஷத்துக்கு மேல் கனடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவனிடம் ஊர் கேட்பது இரண்டே கேள்விதான்: எப்ப வந்தே, எப்பப் போறே. ஆட வர்றியா என்று ஒருவர் கேட்கவில்லை. பதினொரு பேரில் ஒருவனாக நின்றுவிட்டால் அந்த இரண்டாவது கேள்வி நின்றுவிடும் என்று எனக்கு ஒரு கணக்கு.

அன்று சாயங்காலம் செயற்கைப் புல் மைதானத்தின் படிக்கட்டில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். அந்தப் புல்லில் தண்ணீர் தெளித்து நனைத்தால்தான் ஆட முடியும். கரண்ட் போய்விட்டதால் மோட்டார் ஓடவில்லை. கரண்டைப் பற்றிய வசவெல்லாம் அருள்தாஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் எங்கள் கோல்கீப்பர், மின்வாரியத்தில் லைன்மேன். பக்கத்தில் கேப்டன் பவுன்ராஜ். தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறான், ஒன்றாம் வகுப்பிலிருந்து என் கூட்டாளி. மேல்படியில் மாரீஸ்வரி, ஸ்டிக்கின் பிடிக்குப் புதுத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். ரயில்வேக்கு ஆடியவள். இப்போது எங்களை ஓடவிட்டு, திட்டி, யார் ஆடுவது யார் உட்காருவது என்று தீர்மானிக்கிறவள் அவள்தான்.

"அம்பயர் வரலையாம்," என்று போனைக் கீழே வைத்தாள். "மருமகனுக்குத் தலைதீபாவளியாம். சாத்தூர்க்காரங்க வேற, அம்பயர் நேர்மையா இருந்தாத்தான் பஸ் ஏறுவோம்னு சொல்லுதாங்க."

"அம்பயர் கெடக்கட்டும்," என்றேன். "லெஃப்ட்-இன் நான் ஆடுதேன்."

பவுன்ராஜ் என்னை மேலிருந்து கீழே பார்த்தான். பார்வை வயிற்றருகே கொஞ்சம் தங்கிவிட்டுப் போனது. "கடைசியா எப்பலே கோல் அடிச்ச?"

"போன குளிர்காலத்துல."

"எங்க?"

"வின்னிபெக்ல. ஐஸ் மேல."

அருள்தாஸ் சிரித்தான். மாரீஸ்வரி சிரிக்கவில்லை. "சொல்லுங்கண்ணே," என்றாள், துணியைச் சுற்றியபடியே. "அந்தக் கோல் நிக்கிற கோலா இருந்தா எடம் உங்களுக்கு."

அப்படித்தான் நான் சொல்ல வேண்டியதாயிற்று. நானாக ஆரம்பிக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

"மொதல்ல அந்த ஊர்க் குளிரைச் சொல்லணும்," என்றேன். "எங்க வீட்டம்மா கடுகு தாளிப்பா. வெடிச்ச கடுகு கீழ வராது. அப்படியே அந்தரத்துல உறைஞ்சு நிக்கும். அவ ஒண்ணொண்ணாப் பறிச்சு சாம்பார்ல போடுவா."

"அடுப்பு எரியும்லா, அண்ணாச்சி?" அருள்தாஸ் கேட்டான். "அந்தச் சூட்டுலயா கடுகு உறையும்?"

"தீயே கட்டியாத்தான்யா எரியும். சமையல் முடிஞ்சா உடைச்சுத்தான் அணைப்போம்."

"ஏலே, நீ கோலுக்கு வா," என்றான் பவுன்ராஜ்.

"வாரேன். அந்த ஊர்ல பிள்ளைங்க தவழும்போதே ஐஸ்லதான் தவழும். நான் போய் நின்னது நாப்பத்தஞ்சு வயசுல. ஸ்டிக் பிடிக்கத் தெரியும், பந்தை எடுத்துட்டுப் போகத் தெரியும், நிக்க மட்டுந்தான் தெரியாதுன்னு சொன்னேன். என்னைய மாதிரி முத்தின கட்டைக்குன்னே ஒரு வகுப்பு வச்சிருக்கான். பவர் ஸ்கேட்டிங்."

"பவர்னா, கரண்ட்ல ஓடுமா?"

"கரண்ட்ல ஓடுனா உன்னைய நம்பி எவன் ஏறுவான்? நம்ம காலுதான் பவர். வேகம் எடுக்க, வெட்டித் திரும்ப, ஓடுற ஓட்டத்துல டக்குனு நிக்க, இதான் பாடம். என் கூட ஒரு பல் டாக்டர், ஒரு லாரி டிரைவர், ஒரு பாதிரியார். சொல்லித்தந்தது ஜோசலின்னு ஒரு அம்மா. ஊதினாப் பறந்துரும், அவ்வளவு ஒல்லி. சத்தம் மட்டும் இங்கேர்ந்து கத்தினா ரயில்வே கேட்ல வண்டி நிக்கும்."

"ஷூ எப்படி இருக்கும்?" மாரீஸ்வரி கேட்டாள்.

"அருவாமனையைக் கட்டி விட்டு நடன்னு சொன்னா எப்படி? அப்படி. மேல இடுப்பு, தோளு, முட்டின்னு பொதி பொதியா மெத்தை. மொத நாள் விழுந்தேன் பாரு, வலிக்கலை. ஆனா எந்திரிக்கவும் முடியலை. கவுந்த ஆமை கணக்காக் கெடந்தேன். ஜோசலின் அம்மா வந்து, 'முட்டியை மடக்கு'ன்னு கத்துச்சு. அந்த வகுப்புல அதான் மந்திரம். மடக்கு, மடக்கு, இன்னும் மடக்குன்னு வருஷக்கணக்காக் கத்தித் தொண்டை போன அம்மா. அந்த ஊர்க்காரனுக்கு முட்டி மடங்கவே மடங்காது. நாற்காலியில பொறந்து நாற்காலியில சாகுறவன்."

"நீ மடக்குனியாக்கும்?"

"மடக்குனேனாவா? குத்தவச்சு உக்காந்தேன்லே! நம்ம கரிசக்காட்டுல காலைக்கடனுக்கு உக்காந்து பழகின முட்டிய்யா இது. அப்படியே முழுசா உக்காந்தபடிக்கே ஐஸ்ல சர்ர்ருனு போறேன். பல் டாக்டர் காலுக்கு அடியில நுழைஞ்சு பாதிரியார் காலுக்கு அடியில வெளிய வந்தேன். ஜோசலின் அம்மா கண்ணுல தண்ணி. இந்த மாதிரி முட்டியை என் ஆயுசுல பாத்ததில்லைன்னு அழுதுட்டு, 'எல்லாரும் இவரை மாதிரி உக்காருங்க'ன்னுச்சு. உக்காந்தாங்க. அத்தனை பேரும் உக்காந்தாங்க. ஒருத்தராலயும் எந்திரிக்க முடியலை. கடைசியில கிரேன் வந்துதான் ஒவ்வொருத்தரா நிமித்துச்சு. பாதிரியார் மட்டும் அதே கோலத்துல போய் ஞாயித்துக்கெழமை பூசை வச்சாரு."

"இதை அவரு வந்து சொல்லட்டும், நான் நம்புதேன்," என்றான் அருள்தாஸ்.

"ஆனா ஒரு விஷயத்துல மட்டும் எனக்கும் அந்த அம்மாவுக்கும் ஒத்துவரலை," என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹாக்கியில் பந்து ஆட்டக்காரனின் காலில் படக்கூடாது. பட்டால் தப்பு, பந்து எதிராளிக்குப் போகும். சாயங்கால ஆட்டத்துக்கு எங்களுக்கு அம்பயர் கிடையாது. அதனால் எவன் காலில் பட்டதோ அவனே நின்று வலது கையைத் தூக்க வேண்டும். இல்லாத அத்தையைச் சாகடித்து லீவு போடுகிறவன், பெண் பார்க்கப் போன இடத்தில் வயதைக் குறைத்துச் சொல்கிறவன் எல்லாம் எங்கள் அணியில் உண்டு. ஆனால் "கால் பட்டுச்சா?" என்று கேட்டால் எவனும் "இல்லை" என்று புளுகி நான் பார்த்ததில்லை. இதில் ஒழுக்கம் கிழுக்கம் எதுவும் கிடையாது. சின்ன வயதிலேயே உடம்பில் ஏறிவிட்ட பழக்கம், கொட்டாவி மாதிரி.

"அங்க பந்து கெடையாது," என்று தொடர்ந்தேன். "கறுப்பா, தட்டையா ஒரு ரப்பர் வில்லை. நம்ம சில்லுக்கருப்பட்டியே கொஞ்சம் பெருசா இருந்தா எப்படி இருக்கும், அப்படி. சில்லுன்னே வச்சுக்குவோம். பயிற்சியில சில்லு வந்து என் கால்ல படும். நான் டக்குனு கையைத் தூக்கிருவேன். ஜோசலின் அம்மா, 'பாத்ரூம் அந்தப் பக்கம்'னு கையைக் காட்டும். மறுபடி படும், மறுபடி தூக்குவேன், மறுபடி பாத்ரூம். அந்த ஊர்ல கால் பட்டாத் தப்பில்லைன்னு எனக்கு யாரும் சொல்லலை. கடைசியில எனக்குச் சர்க்கரைன்னு முடிவு பண்ணி, பல் டாக்டர் தனியாக் கூப்பிட்டு இனிப்பைக் குறைங்கன்னாரு."

வேடிக்கை என்னவென்றால், இதுவரை நான் சொன்னதில் மூவரும் மறுபேச்சில்லாமல் நம்பியது இதை மட்டும்தான். "கால் பட்டாத் தூக்கித்தான ஆகணும்," என்றாள் மாரீஸ்வரி, இயல்பாக. பவுன்ராஜ்கூடத் தலையாட்டினான்.

இந்த நம்பிக்கை வீணாகக்கூடாது என்று நான் வேகத்தைக் கூட்டினேன்.

"அடுத்தது, கால் மேல கால் மாத்திப் போட்டு வளைஞ்சு திரும்புற பாடம். எல்லாரும் ஒரு சுத்து, ரெண்டு சுத்து. நான் சுத்துன சுத்துல எனக்கு முன்னால ஒருத்தன் போறான், பழக்கப்பட்ட முதுகா இருக்கேன்னு எட்டிப் பாத்தா, அது நான்தான். ஷூக் கத்தி சீவுன ஐஸ் நடுவுல மலையாக் குவிஞ்சு கூரையை முட்டுது. ஐஸைத் தேய்ச்சு விடுற வண்டி ஒண்ணு உண்டு, அந்த டிரைவர் சாவியை என் கையில குடுத்துட்டு ராஜினாமா பண்ணிட்டான். நான் என்ன செஞ்சேன், நம்ம ஊர்லேர்ந்து கொண்டு போயிருந்த நன்னாரி சர்பத்தை அந்த மலை உச்சியில கவுத்து விட்டேன். ஊரே குவளையோட வரிசை கட்டி நின்னுச்சு."

"ஏலே, அந்தக் குளிர்ல சீவின ஐஸ் சர்பத்தை எவன்லே குடிப்பான்?"

"அதான் சூடு பண்ணிக் குடிச்சான்."

பவுன்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். அருள்தாஸ் மட்டும், "நன்னாரி நம்ம பஜார்ல வாங்கினதா?" என்று கேட்டான். கேட்கிறவன் சரக்கை விசாரிக்க ஆரம்பித்துவிட்டால் பாதி நம்பிவிட்டான் என்று அர்த்தம்.

"கடைசிப் பாடம் நிக்கிறது," என்றேன். "போற வேகத்துல ரெண்டு காலையும் குறுக்க திருப்பி, ஐஸ் பறக்க நிக்கணும். அன்னைக்கு நான் போகலை. எங்க தமிழ்ச் சங்கத்துல பொங்கல் விழா. வரவேற்புரைன்னு மைக்கைக் குடுத்துட்டாங்க."

"நீ மைக்கைப் பிடிச்சா நிப்பாட்ட மாட்டேல்லா."

"ஆமாலே. அங்கயும் நிப்பாட்டலை, ஐஸ்லயும் நிக்கக் கத்துக்கலை. அதுக்கு மறுவாரந்தான் ஆட்டம். எங்க வகுப்புக்கும் எங்க ஏரியாத் தீயணைப்பு நிலையத்துக்காரங்களுக்கும். அவனுக ஒவ்வொருத்தனும் ஆறரை அடி. ஆட்டம் முடியப் போவுது, ரெண்டு பக்கமும் கோல் இல்லை. சில்லு என் ஸ்டிக்குக்கு வந்துச்சு. எடுத்தேன் பாரு ஓட்டம்! முட்டி மடக்கு, தள்ளு, முட்டி மடக்கு, தள்ளு. தீயணைப்புக்காரங்க நாலு பேரும் நான் போன காத்துல சுவத்துல ஒட்டிக்கிட்டாங்க. கோலுக்கு நேரா வந்துட்டேன். அடிக்கணும்னா ஒரு நொடி நிதானிக்கணும். நிதானிக்கத்தான் எனக்குத் தெரியாதே! கோலைத் தாண்டிப் போயிட்டேன். பின்னால கதவு திறந்து கெடக்கு..."

"அந்த டிரைவர் ராஜினாமா பண்ணிட்டுப் போனப்ப சாத்தலை," என்றான் அருள்தாஸ்.

"அதேதான்! வெளிய தெருவுக்கு வந்துட்டேன். தெருவுலேர்ந்து ஆறு. அந்த ஆறு வடக்கப் பாத்து ஓடும். குளிர்ல மொத்தமும் ஐஸ். சில்லு ஸ்டிக்லதான் இருக்கு, விடலை. ஆத்துலேர்ந்து ஏரிக்குப் போயி, ஏரியைத் தாண்டி, கடைசியில கடலே வந்துருச்சு. கடலும் ஐஸ். அங்க ஒரு வெள்ளைக் கரடி. குறுக்க வந்து நிக்குது. இடது பக்கம் காட்டி வலது பக்கம் எடுத்தேன், கரடி நின்ன எடத்துலயே சுத்தி உக்காந்துருச்சு. ஆனா விடலை. எந்திரிச்சு என் தோளோட தோளா ஓடி வருது. தடுப்பாட்டம்னா அதுதான் தடுப்பாட்டம். மூஞ்சியும் அப்படியே நம்ம பவுன்ராஜ்."

"லே!"

"புகழ்ச்சிதான்லே. சரி, திரும்பணுமே? நிக்கத் தெரியாதவன் எங்க திரும்ப? உலகத்தோட உச்சிவரைக்கும் போனேன். அங்க ஒரு வளைவு இருக்கு. கால் மேல கால் மாத்திப் போட்டு ஒரே வெட்டு. நான் வெட்டுன வெட்டுல பூமி ஒரு அரைச் சுத்து சேத்துச் சுத்திருச்சு. அன்னைக்கு உங்களுக்கு இங்க பொழுது சீக்கிரம் அடைஞ்சிருக்கும்."

அருள்தாஸ் நெற்றியில் தட்டிக்கொண்டான். "ஆமா, அண்ணாச்சி. ஒருநாள் ஷிஃப்ட் சீக்கிரம் முடிஞ்சுபோச்சு. இன்னைக்கு வரைக்கும் ஏன்னு தெரியாமக் கெடந்தேன்."

"திரும்பி வாரேன், அதே கடல், அதே ஏரி, அதே ஆறு."

"அதுவரைக்கும் ஆட்டம் முடியலையாக்கும்?" பவுன்ராஜ் மடக்கிவிட்ட சந்தோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எப்படிலே முடியும்? சில்லுதான் என்கிட்ட இருக்கே!"

நிமிர்ந்தவன் மறுபடி படியில் சாய்ந்துகொண்டான். நியாயம் என் பக்கம் இருந்தது.

"உள்ள நுழைஞ்சேன்," என்று குரலைத் தாழ்த்தினேன். "எல்லாருக்கும் தாடி வளந்திருக்கு. கோல்கீப்பர் கோலுக்குள்ளயே பாய் விரிச்சுப் படுத்துருக்கான். எனக்குப் பின்னால கரடி, கரடிக்குப் பின்னால வழியெல்லாம் வேடிக்கை பாக்க வந்த சனம். கோல் முன்னால ஒரே தள்ளுமுள்ளு. ஜோசலின் அம்மா கடைசியா ஒருதரம் 'முட்டியை மடக்கு'ன்னு கத்துச்சு. மடக்குனேன். சில்லு உள்ள போச்சு! வலையைக் கிழிச்சு, சுவத்தைக் கிழிச்சு, அடுத்த தெருவுல ஒருத்தன் வீட்டுக் காப்பிக்குள்ள போய் விழுந்து, அவன் சர்க்கரைன்னு நினைச்சுக் கலக்கிட்டான். கோல்! கரடியே கை தட்டுச்சுய்யா."

அருள்தாஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பவுன்ராஜ் கூட, அவனை அறியாமல், ஒரு பெருமூச்சு விட்டான். ஞாயிற்றுக்கிழமை லெஃப்ட்-இன்னில் நிற்கிற என் முதுகும் அதிலிருக்கும் எண்ணும் எனக்கே தெரிய ஆரம்பித்தன.

மாரீஸ்வரி துணியின் நுனியைப் பல்லால் கடித்து அறுத்தாள். நிமிராமலே கேட்டாள்.

"அண்ணே, கால் பட்டுச்சா?"

நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். கரடியைக் கை தட்ட வைத்த வாய்க்கு இது ஒரு பெரிய வேலையா? ஆனால் வாயிலிருந்து சத்தம் வருவதற்குள் மூவரின் கண்களும் என் முகத்தை விட்டு மேலே போய்விட்டன. என்ன பார்க்கிறார்கள் என்று நானும் அண்ணாந்து பார்த்தேன்.

என் வலது கை. தலைக்கு மேலே, விறைப்பாக, விரல்களெல்லாம் சேர்ந்து, நின்றுகொண்டிருந்தது.

அருள்தாஸ் படிக்கட்டிலிருந்து உருண்டே விட்டான். பவுன்ராஜ் சிரித்த சிரிப்பில் மைதானத்துப் புறாக்கள் பறந்தன. (இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே பறந்தன.)

"அங்க கால் பட்டாலும் கோல்தான்!" என்று கத்தினேன். "நாமளா ஒதைச்சாத்தான் தப்பு, தானாப் பட்டா செல்லும்! அந்த ஊர்ச் சட்டம் அது!"

"அப்பக் கையை எதுக்குலே தூக்கியிருக்க?"

கையைக் கீழே இறக்கப் பார்த்தேன். அது கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டுதான் இறங்கியது.

"கோல் நிக்கலை," என்றாள் மாரீஸ்வரி. எழுந்து, பாண்ட்டில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். "லெஃப்ட்-இன் நம்ம மாத்து ஆளு அந்தோணிக்கண்ணு ஆடட்டும்."

கடலைத் தாண்டி, கரடியைத் தாண்டி, உலகத்தின் உச்சியைத் தாண்டிக் கொண்டுவந்த கோல், கோவில்பட்டிப் படிக்கட்டில் செல்லாமல் போய்விட்டது. எப்பப் போறே என்று இனி பவுன்ராஜும் கேட்பான் என்று நினைத்தேன்.

அவன் கேட்டது வேறு. "ஏ மாரி, இவன் கால் விஷயத்துல புளுக மாட்டான் போலருக்கே?"

"அதைத்தான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன்," என்றாள். பைக்குள் கைவிட்டுத் துழாவி எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். விசில். "ஞாயித்துக்கெழமை காலையில சீக்கிரம் வந்துருங்கண்ணே. நீங்கதான் அம்பயர். சாத்தூர்க்காரங்ககிட்ட நான் சொல்லிக்கிடுதேன். அடுத்த ஆட்டத்துக்கும் அதுக்கடுத்த ஆட்டத்துக்கும் ஊர்ல இருப்பீங்கள்லா?"

"இருப்பேன்," என்றேன். அது என் சொந்தக் குரல் மாதிரியே இல்லை. சீர்வரிசை எதுவும் இல்லாமல் தனியாக வெளியே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. மோட்டார் உறுமி, மைதானத்தின் நாலு மூலையிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சியது. பச்சைப் புல் பளபளவென்று, அந்தி வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐஸ் மாதிரி இருந்தது. மூவரும் ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். நான் விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மெல்ல மெல்ல எனக்குள் ஏதோ ஊற ஆரம்பித்தது.

"விசில்னு சொன்னதும் ஞாபகம் வருது," என்றேன். "வின்னிபெக்ல ஒருதரம் நான் ஊதின விசிலுக்கு, வானத்துல போன ஏரோப்ளேன்..."

மாரீஸ்வரி கீழ்ப்படியில் நின்று திரும்பினாள்.

"அண்ணே, அதை வாயில வைங்க," என்றாள். "பேச முடியாதுல்லா, அதுக்குத்தான் குடுத்ததே."